துப்பாக்கி சொல்லும் அளவே அளவு

போன இதழில் நியூசிலாந்து மான் வேட்டை பற்றி நான்கு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நின்றன: சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை மறுபடி எப்படிப் பயன்படுத்துகிறார்கள், அதற்கு எந்த டை வாங்குகிறார்கள்? இந்த முறை முழுப் பக்கமும் அந்தக் கடிதங்களுக்கே.

கேள்வி: என் அக்கா மகன் ஹாமில்டனில் குடியேறிப் பல வருஷம் ஆகிறது. முறையாக லைசன்ஸ் எடுத்து மான் வேட்டைக்குப் போகிறான். இப்போது “ரீசைசிங் டை வாங்கப் போறேன் சித்தி” என்கிறான். அது என்ன சாமான்? நான் பயப்பட வேண்டுமா?
(வாசகி, செக்‌ஷன் 17, பெட்டாலிங் ஜெயா)

பதில்: பயம் வேண்டாம் அம்மா. அது உள்ளே துல்லியமாகக் கடைந்த ஓர் எஃகு உருளை, அவ்வளவுதான். அதில் மருந்தும் இல்லை, குண்டும் இல்லை.

ஒரு தோட்டாவில் நான்கு பொருள் உண்டு. பித்தளைக் கூடு, அதன் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் குண்டு. சுட்டதும் மருந்து எரிந்துவிடும், குண்டு பறந்துவிடும், பிரைமர் செத்துவிடும். கூடு மட்டும் முழுசாக வெளியே வந்து விழும். நான்கிலும் விலை கூடியது பெரும்பாலும் அதுதான். தூக்கிப் போட யாருக்கு மனம் வரும்?

ஆனால் விழுந்த கூடு பழைய கூடு அல்ல. உங்கள் அக்கா மகன் வைத்திருப்பது .308 வின்செஸ்டர் ரைபிள் என்று வையுங்கள். சுடும் கணத்தில் உள்ளே சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 60,000 பவுண்டு வரை அழுத்தம் எழும். நம் கார் டயரில் இருப்பது முப்பத்துச் சொச்சம். அந்த அழுத்தத்தில் பித்தளை ஊதி, ரைபிளில் தோட்டா அமரும் அறையான சேம்பரின் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். புகை பின்னால் வராமல் அடைப்பது அந்த ஒட்டுதல்தான். பிறகு கொஞ்சம் சுருங்கும், முழுதாகச் சுருங்காது. கழுத்து அகன்றே நிற்கும், புதுக் குண்டை வைத்தால் பிடி இருக்காது. அந்தக் கூட்டை மறுபடி அளவுக்கு இறுக்கிக் கொடுப்பதுதான் ரீசைசிங் டையின் வேலை.

அவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “எந்த டை வாங்குவதென்று உன் ரைபிளைக் கேட்டாயா?” கடைக்காரரைக் கேட்டு வாங்குபவர் பலர். சேம்பரை அளந்து வாங்குபவர் சிலர். கூடு நீண்ட நாள் உழைப்பது அந்தச் சிலரிடம்தான்.

கேள்வி: முழு நீள டை நல்லதா, கழுத்தை மட்டும் இறுக்கும் டை நல்லதா? வெலிங்டனில் இருக்கும் தம்பிக்காகக் கேட்கிறேன். ஆளுக்கொன்று சொல்கிறார்களாம்.
(வாசகர், தாமான் ஜெயா)

பதில்: வேட்டைக்கு என்றால் முழு நீள டை. தயங்காமல் சொல்லுங்கள்.

கழுத்து டைக்காரர்களின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. சுட்ட கூட்டின் உடல் அந்தச் சேம்பருக்கே அளவெடுத்ததுபோல இருக்கிறது, அதை ஏன் தொட வேண்டும், கழுத்தை மட்டும் இறுக்கினால் பித்தளைக்கு அலுப்புக் குறையுமே என்கிறார்கள். முதல் சில சுற்றுகளுக்கு இது சரி. பிறகு ஒவ்வொரு முறையும் உடல் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்து, சேம்பரை அடைக்கும் போல்ட் மூட மறுக்கும். அப்போது எப்படியும் உடலை இறுக்கத்தான் வேண்டும். மலைச்சரிவில், மழையில், விறைத்த விரலோடு போல்ட்டை அடித்து மூடும் நிலை எந்த வேட்டைக்காரருக்கும் வரக்கூடாது. மேசையில் வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டியாளர்களைவிடத் துல்லியத்தைத் தேடுபவர் கிடையாது. அவர்களிலேயே பெரும்பாலோர் இன்று முழு நீள டைதான் பயன்படுத்துகிறார்கள்.

ஆனால் முழு நீள டை வாங்கினால் மட்டும் போதாது, அதை எவ்வளவு இறக்குவது என்பதுதான் முழு விஷயமும். டையோடு வரும் தாளில் பொதுவாக ஒரு வழி போட்டிருக்கும்: கூட்டைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரைத் தொடும்வரை டையை இறக்கு, பிறகு இன்னும் கால் சுற்று இறக்கு. இது உலகத்தில் உள்ள எல்லா ரைபிளுக்கும் பொருந்த வேண்டும் என்று எழுதப்பட்டது. உங்கள் தம்பியின் ரைபிளுக்காக எழுதப்பட்டதல்ல. அப்படியே செய்தால் கூட்டின் தோள், அதாவது உடல் கழுத்தாகக் குறுகும் இடம், தேவைக்கு மேல் பின்னுக்குப் போய்விடும். அடுத்த முறை சுடும்போது அந்த இடைவெளியை நிரப்பக் கூடு முன்னோக்கி நீளும். நீளும் பித்தளை எங்கிருந்து வரும்? அடிப்பகுதிக்குச் சற்று மேலே உள்ள சுவரிலிருந்து. அங்கே சுவர் மெலியும். சுற்றிலும் ஒரு பளபளப்பான வளையம் தெரியும். அதைப் பார்க்காமல் விட்டால் ஒரு நாள் கூடு இரண்டாக அறும். சூடான புகை கண்ணை நோக்கி வரும்.

ஆகவே எதிர்வழியில் போகச் சொல்லுங்கள். டையைச் சற்று உயர்த்தி வைத்துத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். சுட்ட கூட்டில் அடியிலிருந்து தோள் வரை உள்ள நீளத்தை, காலிப்பரில் மாட்டும் கம்பேரட்டர் வைத்து முதலில் அளந்துகொள்ள வேண்டும். போல்ட் ரைபிளுக்குத் தோள் ஒன்றிரண்டு தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு, பின்னுக்குப் போனால் போதும். டையின் திருகு வெளிவிட்டம் 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 மரை. ஆக ஒரு முழுச் சுற்றுக்கு 71 தௌ இறங்கும். பத்து டிகிரி திருப்பினாலே இரண்டு தௌ. கால் சுற்று என்றால் ஏறக்குறைய 18! எவ்வளவு சின்னத் திருப்பம் எவ்வளவு பெரிய மாற்றம் என்று புரிகிறதல்லவா? அளவு வந்ததும் பூட்டு வளையத்தை இறுக்கிவிட்டால் அடுத்த முறை இந்தப் பாடு இல்லை.

கேள்வி: ஒரே டையை இரண்டு .308 ரைபிளுக்கும் வைத்துக்கொள்ளலாமா?
(வாசகர், சுபாங் ஜெயா)

பதில்: டை ஒன்று போதும், அமைப்பு இரண்டு வேண்டும். ஒரே பெயர் பொறித்த இரண்டு ரைபிள்களின் சேம்பர்கள் ஒரே அளவில் இருப்பதில்லை. கூடுகளைக் கலக்காமல் இரண்டு பெட்டியில் பிரித்து வைப்பது அதைவிட முக்கியம்.

கேள்வி: இவ்வளவு விவரம் சொல்கிறீர்களே, இதையெல்லாம் இங்கே வீட்டிலேயே செய்யலாமா? எனக்குச் சொந்தமாகச் செனாப்பாங் (துப்பாக்கி) லைசன்ஸ் உண்டு.
(வாசகர், கிள்ளான்)

பதில்: கூடாது ஐயா. பாதி மனதோடு சொல்லவில்லை, முழுமனதோடு சொல்கிறேன்.

நம் மலேசியாவில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கியை மட்டும் பார்ப்பதில்லை, தோட்டாவையும் பார்க்கிறது. அனுமதியில்லாமல் தோட்டா வைத்திருந்தாலே ஏழு ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். அனுமதியில்லாத துப்பாக்கி என்றால் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் வந்து நிற்கும்: பதினான்கு ஆண்டு வரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. உங்கள் கையில் இருப்பது ஒரு துப்பாக்கியை வைத்திருக்கவும் அதற்குரிய தோட்டாவை வாங்கவும் தந்த அனுமதி. தோட்டா செய்யத் தந்த அனுமதி அல்ல. இரண்டும் ஒன்றென்று நினைத்துத் தொடங்கினால் முடிவது நீதிமன்றத்தில்.

வேறொரு காரணமும் இருக்கிறது. மருந்து, பிரைமர் எல்லாம் ஒழுங்கான கடையில், ஒழுங்கான கையேட்டோடு கிடைக்கும் நாட்டில்தான் இந்தக் கலை பாதுகாப்பானது. திருட்டுத்தனமாகக் கிடைத்த மருந்தில் எது என்ன வேகத்தில் எரியும் என்று யாருக்குத் தெரியும்? தப்பினால் விரல், தவறினால் கண். நம் பிள்ளைகள் இதைக் கற்றுக்கொள்ளட்டும். சட்டம் இடம் கொடுக்கும் ஊரில், லைசன்ஸோடு செய்யட்டும்.

கேள்வி: செக்‌ஷன் 51 தொழிற்சாலைகளில் முப்பது வருஷம் டை, மோல்ட் செய்தே ஓய்வு பெற்றவன் நான். தகட்டை அழுத்தும் டையில் ஸ்பிரிங்பேக், அதாவது அழுத்தம் விட்டதும் உலோகம் கொஞ்சம் பழைய வடிவுக்குத் திரும்புவது, எங்களுக்குப் பெரிய தலைவலி. தோட்டாக் கூட்டுக்கு டை செய்பவர்கள் அதை எப்படிச் சமாளிக்கிறார்கள்?
(வாசகர், ஓல்ட் டவுன், பெட்டாலிங் ஜெயா)

பதில்: உங்களைப் போன்ற கை தெரிந்தவர் கேட்பது மகிழ்ச்சி அண்ணே. பெட்டாலிங் ஜெயா 1950-களில் ரப்பர் தோட்டத்தை வெட்டி எழுந்த ஊர். அதன் தொழிற்சாலைகள் எத்தனையோ தமிழ் இளைஞர்களைப் பால்வாளியிலிருந்து மைக்ரோமீட்டருக்குக் கொண்டுபோயின. உங்களுக்குச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

தோட்டாக் கூட்டுப் பித்தளை 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். நன்றாக இழுபடும். ஆனால் ஒவ்வொரு முறை ஊதி இறுக்கும்போதும் கெட்டிப்படும். கெட்டிப்பட்டால் ஸ்பிரிங்பேக் கூடும். புதுக் கூடும் பத்து முறை சுட்ட கூடும் ஒரே டையில் போய் ஒரே அளவில் வெளியே வராது. இதனால்தான் நிறைய பேர் கழுத்தையும் தோளையும் அவ்வப்போது சூடாக்கி இளக வைக்கிறார்கள். அடிப்பகுதிக்கு அந்தச் சூடு போகவே கூடாது. அழுத்தத்தைத் தாங்குவது அடிதான், அது கெட்டியாகவே இருக்க வேண்டும்.

அடுத்தது கழுத்து. சாதாரண முழு நீள டை எல்லாத் தடிப்புக் கழுத்துக்கும் பொருந்த வேண்டும் என்பதால், கழுத்தைத் தேவைக்கு மேல் இறுக்கிவிடும். பிறகு டைக்குள் இருக்கும் உருண்டை கழுத்து வழியே வெளியே வரும்போது அதைத் திரும்ப விரிக்கும். இறுக்கி விரிப்பது பித்தளைக்கு இரட்டை வேலை. உருண்டை இழுக்கும் இழுப்பில் கழுத்து ஒருபக்கம் சாயவும் வாய்ப்பு உண்டு. இதற்கு மூன்று வழி கண்டிருக்கிறார்கள்.

ஒன்று, புஷ்ஷிங் டை. கழுத்தை இறுக்கும் வளையத்தை ஒரு தௌ வித்தியாசத்தில் மாற்றிப் போடலாம். குண்டு வைத்த தோட்டாவின் கழுத்து 0.336 அங்குலம் என்றால் 0.334 வளையம் எடுப்பது பொதுவான தொடக்கம். இரண்டு, அமெரிக்காவின் லீ நிறுவனம் செய்யும் காலட் டை. கழுத்துக்குள் ஒரு கம்பி, வெளியே விரல்போல் பிளந்த காலட். கழுத்தைக் கம்பியோடு சேர்த்து நெருக்கும். அதற்கு மசகே வேண்டாம். ஆனால் அது கழுத்தை மட்டும்தான் தொடும். உடலுக்குத் தனியாக ஒரு பாடி டை வாங்க வேண்டும். மூன்றாவது உங்கள் மனதுக்குப் பிடிக்கும். ஃபார்ஸ்டர் நிறுவனம் செய்த முழு நீள டையை அவர்களுக்கே திருப்பி அனுப்பினால், சொன்ன அளவுக்குக் கழுத்தை ஹோன் செய்து தருவார்கள். கழுத்துத் தடிப்பு ஒரே மாதிரி உள்ள நல்ல கூடுகளையே வாங்குபவருக்கு என் முதல் தேர்வு இதுதான். மாற்றிப் போடும் பாகம் குறைந்தால் தவறும் இடமும் குறையும்.

கார்பைடு என்ற மிகக் கடினமான பொருள் பற்றியும் கேட்பீர்கள். நேரான சுவருள்ள பிஸ்டல் கூட்டுக்குக் கார்பைடு வளையம் போட்டால் மசகு வேண்டியதில்லை. தோள் உள்ள ரைபிள் கூட்டுக்கு, டை கார்பைடாக இருந்தாலும் மசகு வேண்டும். விலையைப் பார்த்தால் போட்டிக்காரர் அல்லாதவருக்கு அது தேவையில்லை.

கேள்வி: மசகு போட மறந்தால்?
(வாசகர், பூச்சோங்)

பதில்: கூடு டைக்குள் போகும், வராது. பலமாக இழுத்தால் விளிம்பு பிய்ந்து கையோடு வரும். பிறகு அடியில் துளை போட்டு மரை வெட்டி இழுத்தெடுக்க வேண்டும். மசகு மிஞ்சினாலும் தொல்லைதான், தோளில் பள்ளம் விழும். மெல்லிய பூச்சு போதும். கழுத்தின் உட்புறத்தையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: ஸ்மால் பேஸ் டை என்பது உயர்ந்த ரகமா? விலை கூடச் சொல்கிறார்கள்.
(வாசகர், ஷா ஆலம்)

பதில்: உயர்ந்த ரகமல்ல, வேறு ரகம். கூட்டின் அடிப்பக்கத்தை ஒன்றிரண்டு தௌ கூடுதலாக இறுக்கும். தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றும் ரைபிளில் போல்ட்டைக் கையால் அழுத்தி மூட முடியாது, கூடு தடையில்லாமல் நுழைய வேண்டும். அதற்காக வந்தது அது. நியூசிலாந்தில் 2019 மார்ச் கிறைஸ்ட்சர்ச் படுகொலைக்குப் பிறகு அந்த வகையில், அடியின் நடுவில் பிரைமர் உள்ள தோட்டா சுடும் சென்டர்ஃபயர் ரைபிள்கள் பெரும்பாலும் தடை செய்யப்பட்டுவிட்டன. அங்கே போல்ட் ரைபிள் வைத்திருப்பவருக்கு இந்த டை காசுக்குக் கேடு, கூட்டுக்கும் கேடு.

கேள்வி: பிரிக்ஃபீல்ட்ஸில் வாங்கிய குத்துவிளக்கைப் பிராஸோ போட்டுத்தான் துலக்குகிறேன். தோட்டாக் கூட்டை மட்டும் பிராஸோவில் துலக்கக் கூடாது என்று எங்கோ படித்தேன். இரண்டும் பித்தளைதானே?
(வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்)

பதில்: இந்த இதழின் நல்ல கேள்வி இதுதான் அம்மா. பதில் நம் மழைக்காலத்திலிருந்து வருகிறது.

பிரிட்டிஷார் காலத்து இந்தியாவில் படைக் கிடங்குகளில் வைத்திருந்த தோட்டாக் கூடுகள், யாரும் தொடாமலே, மழைக்காலத்தில் விரிசல் விட்டன. மழை முடிந்தால் விரிசலும் நின்றது. ஆகவே அதைப் பருவத்தால் வரும் விரிசல் என்றே அழைத்தார்கள். காரணத்தை மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1921-இல் தெளிவாக்கினார்கள். பக்கத்தில் குதிரை லாயங்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா, மழைக்காலத்து ஈரக்காற்றில் கலந்து பித்தளையில் படிந்தது. அதுமட்டும் போதாது, தோட்டாக் கூடு குளிர்நிலையில் இழுத்து இழுத்துச் செய்யப்பட்டது, அதன் உடம்புக்குள் செய்த நாளின் இறுக்கம் அப்படியே தங்கியிருந்தது. இறுக்கம், ஈரம், அமோனியா மூன்றும் கூடினதும் பித்தளை பிளந்தது. கூட்டை மிதமாகச் சூடாக்கி அந்த இறுக்கத்தைத் தணித்துவிட்டுக் கிடங்குக்கு அனுப்பத் தொடங்கியதும் தொல்லை அடங்கியது.

உங்கள் விளக்கு வார்த்துச் செய்தது. நாச்சியார்கோயில் விளக்கானாலும் சரி, வேறெந்த வார்ப்பு விளக்கானாலும் சரி, இழுத்த கூட்டுக்குள் இருக்கும் அந்த இறுக்கம் அதில் இல்லை. பிராஸோவில் அமோனியா உண்டு. விளக்கு அதைத் தாங்கும். கழுத்து இறுக்கப்பட்டு, குண்டு திணிக்கப்பட்டு, எப்போதும் இழுபட்டுக்கொண்டே இருக்கும் தோட்டாக் கூடு தாங்காது. அதைச் சோளத்தண்டுத் தூளிலோ வால்நட் ஓட்டுத் தூளிலோ உருட்டித் துலக்குவார்கள். இல்லையென்றால் நீர்த்த சிட்ரிக் அமிலத்தில் கழுவி உலர்த்துவார்கள். நீங்களும் புளிக்குத் திரும்பலாம். பாட்டிகள் கையாண்ட புளியிலும் அமிலம்தான் வேலை செய்கிறது, அதில் அமோனியா வாடை கிடையாது.

கேள்வி: ஒரு கூட்டை எத்தனை முறை பயன்படுத்தலாம்?
(வாசகர், ராவாங்)

பதில்: எண்ணிக்கை கேட்காதீர்கள், அடையாளம் கேளுங்கள். கழுத்தில் விரிசலா, குப்பைக்கு. அடிக்கு மேலே பளபளப்பு வளையமா, குப்பைக்கு. சந்தேகமா? காகிதக் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை வளைத்துக் கூட்டுக்குள் விட்டு, அடிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கிச் சுவரை வருடிப் பாருங்கள். ஒரு பள்ளம் தட்டினால் அதுவும் குப்பைக்கு. பிரைமர் குழியில் புது பிரைமர் லொடலொடத்தாலும் அதே தீர்ப்பு. அளவாக இறுக்கிய கூடு, அளவில்லாமல் இறுக்கிய கூட்டைவிடப் பல மடங்கு நாள் வாழும்.

கேள்வி: கேரித் தீவில் எங்கள் பழைய தோட்டத்துப் பக்கம் மண்ணைக் கிளறியபோது பச்சை பூத்த பித்தளைக் கூடு ஒன்று கிடைத்தது. அடியில் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கிறது. கம்யூனிஸ்ட் காலத்தில் தாத்தா ஸ்பெஷல் கான்ஸ்டபிளாக இருந்தவர். இதை டையில் போட்டுப் பழைய வடிவுக்குக் கொண்டுவந்து, ஞாபகமாக வைக்க ஆசை.
(வாசகர், பந்திங்)

பதில்: ஆசை புரிகிறது தம்பி. ஆனால் முதல் வேலை பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்குத் தகவல் சொல்வது. ஒன்று கிடைத்த இடத்தில் சுடாத தோட்டாவும் கிடக்கலாம். எழுபது வருஷம் மண்ணில் கிடந்தாலும் மருந்தை நம்பக் கூடாது. இனி அந்த இடத்தைக் கிளறாதீர்கள். கூட்டை வைத்துக்கொள்ளலாமா என்பதையும் அவர்களே சொல்லட்டும்.

விளிம்பு துருத்திய கூடு என்றால் பெரும்பாலும் .303 பிரிட்டிஷ். 1948 முதல் 1960 வரை நடந்த அவசரகாலத்தில், அதாவது நீங்கள் சொல்லும் கம்யூனிஸ்ட் காலத்தில், லீ என்ஃபீல்டு ரைபிள்களில் ஓடிய தோட்டா அது. அதே குடும்பத்தில் குட்டையாகச் செய்த ‘நம்பர் 5’ ரைபிளுக்கு ஜங்கிள் கார்பைன் என்றே பெயர் நின்றது. அடியில் உள்ள எழுத்தைப் பாருங்கள்: கே.எஃப். என்றிருந்தால் புனேக்குப் பக்கத்துக் கிர்க்கி தொழிற்சாலை, எம்.எஃப். என்றிருந்தால் ஆஸ்திரேலியாவின் ஃபுட்ஸ்கிரே. மார்க் 7 என்பதைக் குறிக்கும் ரோமன் எண்ணும் இருக்கலாம். அந்தக் குண்டு 1910-இல் வந்தது.

அதை டையில் மட்டும் போடாதீர்கள். படைகளுக்காகச் செய்த .303 கூடுகளில் மிகப் பல பெர்டான் வகை. பிரைமருக்கு மேலே நடுவில் ஒரு துளை இருப்பதற்குப் பதில் பக்கத்தில் இரண்டு சின்னத் துளைகள் இருக்கும். டையின் நடுவில் உள்ள ஊசி நேராக வந்து பித்தளையில் மோதி உடையும். பெர்டான் என்பவர் அமெரிக்கர், அவர் கண்ட முறை ஐரோப்பாவில் பரவியது. பாக்ஸர் என்பவர் ஆங்கிலேயர், அவர் கண்ட முறை அமெரிக்காவில் நிலைத்தது.

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இன்றும் .303 சுடுபவர் உண்டு. அவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கூட்டைச் சேம்பரில் நிறுத்துவது அதன் விளிம்பு, தோள் அல்ல. சேறும் மண்ணும் புகுந்தாலும் ரைபிள் ஓட வேண்டும் என்று படைச் சேம்பரைத் தோள் பக்கம் தாராளமாகக் கடைந்தார்கள். முழு நீள டையைத் தாளில் போட்டபடி அடிவரை இறக்கினால், தோள் ஒவ்வொரு முறையும் வெகுதூரம் பின்னுக்குப் போய், சில சுற்றிலேயே கூடு அறும். இங்கேதான் கழுத்து டைக்கு உண்மையான இடம். அது இல்லையென்றால் முழு நீள டையையே உயர்த்தி வைத்து, தோளை மெல்லத் தொடும் அளவோடு நிறுத்துங்கள். முன்பு வேட்டைக்கு முழு நீள டை என்று சொன்னேன், இங்கே கழுத்து டை என்கிறேன். ரைபிள் மாறினால் பதிலும் மாறும்.

கேள்வி: மகள் சுபாங் ரேஞ்சில் ஏர் ரைபிள் பழகுகிறாள். அவளுக்கும் இந்த டை தேவைப்படுமா?
(வாசகர், டாமன்சாரா)

பதில்: தேவையே இல்லை. அழுத்திய காற்றில் ஓடும் ஈயப் பெல்லட்டுக்குக் கூடும் இல்லை, மருந்தும் இல்லை. நம் நுர் சுர்யானி தைபி 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பத்தோடு நின்று சுட்டது இந்த 10 மீட்டர் ஏர் ரைபிளில்தான். உங்கள் மகளுக்கு வேண்டியது டை அல்ல, காலை ஆறு மணிக்கு ரேஞ்சுக்குக் கொண்டுபோய்விட ஓர் அப்பா.

கேள்வி: கடைசியாக ஒரே வார்த்தையில் சொல்லுங்கள். எந்த பிராண்டு?
(வாசகர், காஜாங்)

பதில்: ஒரே வார்த்தையில் சொன்னால் உங்கள் சொந்தக்காரர் காசு வீணாகும். ஆர்.சி.பி.எஸ். 1943-இலிருந்து இருக்கிறது, ரெட்டிங் 1946-இலிருந்து, ஹார்னடி 1949-இலிருந்து. மூன்றும் அமெரிக்க நிறுவனங்கள், மூன்றின் சாதாரண முழு நீள டையும் ஒழுங்காக வேலை செய்யும். முதல் முறை வாங்குபவர் சாதாரண முழு நீள டையே வாங்கட்டும். மிச்சப் பணத்தில் கம்பேரட்டரும் நல்ல காலிப்பரும் வாங்கட்டும். விலை உயர்ந்த டையும் அளக்காத கையும் சேர்ந்தால் கெட்ட தோட்டா வரும். சாதாரண டையும் அளக்கும் கையும் சேர்ந்தால் நல்ல தோட்டா வரும். மருந்தளவை மட்டும் யாருடைய வாய்ச்சொல்லையும் நம்பிப் போட வேண்டாம், என் சொல்லையும் சேர்த்துத்தான். அச்சிட்ட கையேட்டில் உள்ளதே அளவு.

கேள்வி: தமிழ்ப் பத்திரிகையில் இதெல்லாம் எதற்கு? நம் சனங்களுக்கு ஒத்துவருமா?
(வாசகர், செந்தூல்)

பதில்: ஒத்துவரும் ஐயா. நம் பிள்ளைகள் பெர்த்திலும் ஆக்லாந்திலும் இன்னும் எங்கெங்கோ குடியேறி, அந்த ஊர் சட்டப்படி வேட்டைக்கும் போட்டிக்கும் போகிறார்கள். அவர்களுக்குத் தமிழில் ஒரு வரி இல்லை. இது தப்பினால் கண் போகும் வேலை. அப்படிப்பட்ட வேலையைத் தாய்மொழியில் புரிந்துகொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். தவிர, பித்தளை எப்படி ஊதும், எப்படி இறுகும், எதனால் பிளக்கும் என்பது துப்பாக்கி தொடாதவருக்கும் நல்ல பாடம்.

கேள்வி: மெல்பர்னிலிருந்து நண்பர் ஒருவர் அடுத்த மாதம் இங்கே வருகிறார். வேட்டைப் பிரியர். தான் பயன்படுத்தும் டையையும் சில காலிக் கூடுகளையும் காட்டக் கொண்டுவரட்டுமா என்று கேட்கிறார். காலிக் கூடுதானே?
(வாசகர், கிளானா ஜெயா)

பதில்: வேண்டாம் என்று இன்றைக்கே செய்தி அனுப்புங்கள். ஆயுதம், தோட்டா சம்பந்தப்பட்ட எதையும் இந்த நாட்டுக்குள் கொண்டுவர முன்கூட்டியே போலீஸ் அனுமதி வேண்டும். விமான நிலையத்தில் ஸ்கேன் எந்திரம் நீங்கள் சொல்லும் விளக்கத்தைக் கேட்காது. டையைப் பார்க்க ஆசை என்றால் அவர் படம் எடுத்துக் கொண்டுவரட்டும். அதோடு இன்னொன்றும் சொல்லுங்கள்: வேட்டைக்குக் கொண்டுபோகும் பையைப் பயணத்துக்கு எடுக்கக் கூடாது. வேறு பையே இல்லையென்றால், கிளம்பும் முன் அதன் ஒவ்வொரு ஜிப்பையும் ஒவ்வொரு மடிப்பையும் பகல் வெளிச்சத்தில் திறந்து உதறிப் பார்க்கட்டும். மறந்துபோன ஒரே ஒரு தோட்டா போதும், விடுமுறை முழுதும் லாக்கப்பில் போய்விடும். வெளிநாட்டில் வேட்டைக்குப் போகும் பிள்ளைகள் இருக்கும் எல்லா வீட்டுக்காரர்களும் தயவுசெய்து இதை அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.